கொலோனோஸ்கோபிக்கு எவ்வளவு மயக்கம் வேண்டும்?

ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள வளையும் குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலின் உட்சுவரைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி, அரை நூற்றாண்டைத் தாண்டிய பரிசோதனை. நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் 1969இல் இந்தக் குழாய் வழியே கம்பிக் கண்ணியை நுழைத்து, வயிற்றைத் திறக்காமலே, பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய பாலிப் என்ற சதை வளர்ச்சியை அறுத்தெடுத்தார்கள். அதன்பின் இது வெறும் பார்வைக் கருவியாக இல்லாமல் சிகிச்சைக் கருவியும் ஆயிற்று. குழாய் மெலிந்தது, படம் துல்லியமானது, பேதி மருந்துகூடக் கொஞ்சம் குடிக்கும்படி ஆனது. நோயாளி விழித்திருக்க வேண்டுமா, தூங்க வேண்டுமா என்ற கேள்விக்கு மட்டும் ஒருமித்த பதில் கிடைக்கவில்லை.

நார்வேயில் மயக்கம் எதுவும் இல்லாமல் தொடங்கி, நோயாளி கேட்டால் மருந்து கொடுப்பது வழக்கமான முறை. பிரிட்டனில் ஒரு தூக்க மருந்தும் ஒரு வலி மருந்தும் சிறிய அளவில் ஊசியாகப் போகும். அல்லது நோயாளியே குழல் வழியாக வாயுவை உறிஞ்சிக்கொள்வார். ஆஸ்திரேலியாவில் மயக்க மருத்துவர் ஒருவர் பக்கத்தில் நின்று ப்ரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் செலுத்துவது சாதாரணம். அமெரிக்காவும் கடந்த இருபது ஆண்டுகளில் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. குடலின் அமைப்பு நாட்டுக்கு நாடு மாறுவதில்லை. ஆகவே இந்த வேறுபாட்டுக்கு உடலியலுக்கு வெளியேயும் காரணங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு விடையும் எங்கே பிறந்தது, எங்கே தடுமாறுகிறது என்று பார்த்தால் அந்தக் காரணங்கள் ஓரளவு பிடிபடும்.

வலி பிறக்கும் இடம்

குடலின் உட்சுவரை வெட்டினாலோ சுட்டாலோ வலிக்காது. பாலிப்பை அறுக்கும்போது, சதைத் துணுக்கு எடுக்கும்போது, விழித்திருக்கும் நோயாளிக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரிவதில்லை. குடல் உணர்வது இழுப்பையும் விரிவையும்தான். எனவே நோவு இரண்டு வழியில் வருகிறது. மடிப்புகளை விரித்துப் பார்க்க உள்ளே ஊதப்படும் காற்று ஒரு வழி. இன்னொன்று, குழாய் போடும் சுருக்கு.

இந்தச் சுருக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மலக்குடலைத் தாண்டியதும் வருவது சிக்மாய்டு என்ற வளைந்த பகுதி. அது வயிற்றுச் சுவரோடு ஒட்டாமல், மெசென்ட்ரி என்ற சவ்வில் தொங்கிக்கொண்டிருக்கும். மருத்துவர் குழாயைத் தள்ளும்போது நுனி முன்னேறாமல், நடுப்பகுதி மட்டும் மேல்நோக்கி வளைந்து சிக்மாய்டைத் தூக்கிக்கொண்டு போகும். திரையில் படம் அப்படியே நிற்கும், அல்லது பின்னுக்குக்கூட நகரும். உள்ளே சவ்வு இழுபடும். விழித்திருக்கும் நோயாளி அப்போதுதான் முனகுவார். கைப்பழக்கமுள்ள மருத்துவர் மேலும் தள்ளமாட்டார். குழாயைப் பின்னுக்கு இழுத்து, வலப்பக்கம் முறுக்கிச் சுருக்கை அவிழ்ப்பார். செவிலியர் அடிவயிற்றில் உள்ளங்கையால் அழுத்துவார், அல்லது நோயாளியை இடப்பக்கத்திலிருந்து மல்லாக்கத் திருப்புவார். சுருக்கு அவிழ்ந்தால் வலி சட்டென்று அடங்கும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. வலி தொடர்ச்சியாக இருப்பதில்லை, சில நிமிடங்களில் குவிந்து வந்துபோகிறது. அதன் அளவு மருந்தை மட்டுமல்லாமல் கையையும் பொறுத்திருக்கிறது. ஒல்லியான பெண்களுக்கும், கருப்பை நீக்கம் போன்ற அடிவயிற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கும், முந்தைய பரிசோதனையில் அவதிப்பட்டவர்களுக்கும், பதற்றம் மிகுந்தவர்களுக்கும் வலி கூடுதலாக இருக்கும் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. அப்படியிருக்க எல்லோருக்கும் ஒரே அளவு மயக்கம் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பது கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டு ஊசி

முதலில் நிலைபெற்ற விடை, பென்சோடையசெபைன் வகைத் தூக்க மருந்து ஒன்றும் ஓபியாய்டு வகை வலி மருந்து ஒன்றும் சேர்ந்த இணை. தொடக்கத்தில் டையசெபாமும் பெத்திடினும். பிறகு மிடசோலாமும் ஃபென்டனிலும். நோயாளி அரைமயக்கத்தில் இருப்பார். கூப்பிட்டால் பதில் சொல்வார், திரும்பிப் படுக்கச் சொன்னால் படுப்பார், மூச்சு தானாக ஓடும். அமெரிக்க மயக்கவியல் சங்கம் மயக்கத்தை லேசானது, மிதமானது, ஆழ்ந்தது, முழுமையானது என்று நான்கு படிகளாகப் பிரிக்கிறது. இந்த இணை இலக்கு வைப்பது இரண்டாம் படியை. படிகளுக்கு நடுவே சுவர் கிடையாது என்பதும் ஒரே அளவு மருந்து ஒருவரை இரண்டாவதிலும் இன்னொருவரை மூன்றாவதிலும் நிறுத்தக்கூடும் என்பதும் அந்த வகைப்பாட்டிலேயே உள்ள எச்சரிக்கை.

இந்த விடை பெற்ற பாடம் கசப்பானது. மிடசோலாம் 1985இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, டையசெபாமுக்குப் பழகிய கைகள் அதை ஏறத்தாழ அதே கணக்கில் கொடுத்தன. புதிய மருந்தின் வீரியம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். அதன் முழு விளைவு தெரியச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் ‘இன்னும் தூங்கவில்லையே’ என்று அடுத்த அளவைச் செலுத்தினால் இரண்டும் சேர்ந்து மூச்சை அமுக்கும். கூடவே ஓபியாய்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். தொடர்ந்து மரணங்கள் பதிவாயின. மருந்துப் பெட்டியில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை வந்தது, பரிந்துரை அளவு குறைக்கப்பட்டது. ஆனாலும் பாடம் முடியவில்லை. பிரிட்டனின் நோயாளிப் பாதுகாப்பு அமைப்பு 2008 டிசம்பரில்தான் வீரியம் மிகுந்த மிடசோலாம் ஆம்பூல்களைச் சில பிரிவுகளோடு நிறுத்தி, மற்ற இடங்களில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கொண்டதை மட்டும் வைக்கச் சொன்னது. மருந்து வந்து இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, ஆம்பூலின் அளவை மாற்றுவதே சிறந்த தடுப்பு என்று முடிவானது!

இந்த இணைக்கு ஒரு பெரிய பலம் உண்டு: மாற்று மருந்துகள். ஓபியாய்டை நாலோக்சோனும் மிடசோலாமை ஃப்ளூமசெனிலும் முறிக்கும். ஆனால் ஃப்ளூமசெனிலின் வேலை மிடசோலாமின் வேலைக்கு முன்பே தீர்ந்துவிடக்கூடும். தெளிந்தவர் மறுபடி மயங்கலாம். எனவே மாற்று மருந்து கொடுத்தவரை உடனே வீட்டுக்கு அனுப்ப முடியாது. பலவீனம் என்றால் மெதுவாகத் தெளிவது, சிலருக்குப் போதாமல் போவது, தினமும் தூக்க மாத்திரையோ மதுவோ எடுப்பவர்களிடம் எடுபடாமல் போவது ஆகியவற்றைச் சொல்லலாம்.

நினைவில் தங்காத வலி

மிடசோலாமின் விளைவுகளில் ஒன்று, தூக்கத்தைவிட விசித்திரமானது: மறதி. மருந்து ஏறிய பின் நடப்பவை நினைவில் பதிவதில்லை. பரிசோதனை மேசையில் முனகி, ‘போதும் டாக்டர்’ என்று கையைப் பிடித்த நோயாளி, ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் குடித்துக்கொண்டே ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்று சொல்வதை எண்டோஸ்கோபி அறையில் வேலை செய்பவர்கள் அறிவார்கள். இது வலி நிவாரணமா? துறை இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்ததை விடச் சுற்றிக்கொண்டு போனதே அதிகம்.

அதை நேராகத் தொட்டது உளவியல். டொராண்டோ மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும், பின்னாளில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், கொலோனோஸ்கோபி செய்துகொண்ட 154 பேரிடம் நிமிடத்துக்கு ஒருமுறை வலியின் அளவைப் பதிவு செய்யச் சொன்னார்கள். பிறகு, மொத்தத்தில் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். பின்னால் சொன்ன மதிப்பீடு பரிசோதனை எவ்வளவு நேரம் நடந்தது என்பதை ஏறத்தாழப் பொருட்படுத்தவே இல்லை. உச்சத்தில் இருந்த வலியும் கடைசி நிமிடங்களின் வலியும்தான் அதைத் தீர்மானித்தன. 2003இல் வெளியான அடுத்த சோதனை இன்னும் துணிச்சலானது. 682 பேரில் ஒரு பகுதியினருக்கு, பரிசோதனை முடிந்த பிறகும் குழாயின் நுனியை மலக்குடலில் அசைக்காமல் கூடுதலாகச் சில நிமிடங்கள் வைத்திருந்தார்கள். அதுவும் அசௌகரியமே, ஆனால் முன்னதைவிடக் குறைவு. கூட்டிப் பார்த்தால் இவர்கள் பட்டது அதிக வேதனை. இருந்தும் இவர்கள் பரிசோதனையைக் குறைந்த வேதனையாகவே நினைவு வைத்திருந்தார்கள். பின்னாளில் மறுபரிசோதனைக்குத் திரும்பி வந்ததும் இவர்களில் சற்றே அதிகம்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் இரண்டு கட்சி. புற்றுநோய்த் தடுப்பை முன்வைப்பவர்கள், ஆள் மீண்டும் வருவதே முக்கியம், அதற்கு நல்ல நினைவு போதும் என்பார்கள். எதிர்த்தரப்பு, மேசையில் படுத்திருந்த நேரத்தில் துடித்தவரும் ஒரு மனிதர்தான், அவர் பின்னால் மறந்துவிட்டார் என்பதால் அந்தத் துடிப்பு நடக்காததாகிவிடாது என்கிறது. என் கணிப்பில் இரண்டாவது கட்சியின் வாதம் வலுவானது. மறதியை நம்பி வேலை செய்யும் மருத்துவருக்குச் சுருக்கை அவிழ்க்க வேண்டிய அவசரம் குறைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஆனால் ‘எனக்கு நினைவில்லாமல் இருந்தால் போதும்’ என்று நோயாளியே தெரிந்து கேட்டால், அதை மறுக்கும் உரிமை யாருக்கு என்பதற்கு அந்தக் கட்சியிடமும் தெளிவான பதில் இல்லை.

வெள்ளை மருந்து

ப்ரோபோஃபால் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் பிறந்தது. கால்நடை மருத்துவரான ஜான் கிளென் அதை உருவாக்கியவர். அதற்காக 2018இல் லாஸ்கர் விருது பெற்றார். நீரில் கரையாத அந்தப் பொருளைச் சோயா எண்ணெயும் முட்டை லெசிதினும் சேர்த்துக் குழம்பாக்கி 1986இல் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதனால்தான் அது பால் போல வெள்ளை. ஏறும்போது கை எரியும், அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஆள் தூங்கிவிடுவார். செலுத்துவதை நிறுத்தினால் சில நிமிடங்களில் விழிப்பார், அதுவும் பெரும்பாலும் தெளிந்த தலையோடு.

நோயாளிக்கு இதைவிட இனிய விடை இல்லை என்றே சொல்லலாம். 2008இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, பழைய இணையோடு ஒப்பிட்டால் ப்ரோபோஃபாலில் தெளிவதும் வீடு திரும்புவதும் விரைவு, நோயாளியின் மனநிறைவு கூடுதல் என்று கண்டது. ஆனால் பரிசோதனைக்கு எடுக்கும் நேரத்திலோ, குடலின் கடைசிவரை போய்ச் சேர்வதிலோ, சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த இரண்டாவது பாதி விளம்பரங்களில் அவ்வளவாக வருவதில்லை.

குறைகளும் உண்டு. ப்ரோபோஃபாலுக்கு முறிவு மருந்து கிடையாது. அது வலி மருந்தும் அன்று. நோயாளி வலியை உணராதது ஆழ்ந்து தூங்குவதால்தான். மூன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்கு அவர் நழுவுவது ஒரு சிறு அளவு வித்தியாசத்தில் நடந்துவிடும். மூச்சு நிற்கும், ரத்த அழுத்தம் இறங்கும். எண்ணெய்க் குழம்பில் கிருமி எளிதில் வளரும் என்பதால் திறந்த குப்பியை அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது. லாஸ் வேகாஸின் எண்டோஸ்கோபி மையம் ஒன்றில் ஒரே நோயாளிக்கான குப்பிகளைப் பலருக்கும் பயன்படுத்தியதால் ஹெபடைட்டிஸ் சி பரவியது. அது 2008இல் வெளிப்பட்டதும் ஏறத்தாழ 40,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அங்கே பிழை மருந்தில் அல்ல, குப்பியைக் கையாண்ட சிக்கனத்தில்தான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மருந்தின் விலையும் குப்பியின் அளவும் அந்தச் சிக்கனத்துக்கு இடம் கொடுத்தன.

யார் கையில் ஊசி?

ப்ரோபோஃபாலைச் சுற்றி நடந்த சண்டையில் அறிவியல் பாதி, தொழில் எல்லை பாதி. அமெரிக்க மருந்து உறையில், பொது மயக்கம் கொடுப்பதில் பயிற்சி பெற்றவர்களே இதைச் செலுத்த வேண்டும் என்ற வாசகம் உண்டு. குடல் மருத்துவர்கள் இதை ஏற்கவில்லை. ஓரிகனிலும் இண்டியானாவிலும் செவிலியர்களுக்குத் தனிப்பயிற்சி கொடுத்து, குடல் மருத்துவரின் மேற்பார்வையில் அவர்களே செலுத்தும் முறையை வளர்த்தார்கள். 2009இல் குடல் மருத்துவர் டக்ளஸ் ரெக்ஸும் பலநாட்டு மருத்துவர்களும் திரட்டிய கணக்கில், இப்படிச் செய்யப்பட்ட 6,46,080 பரிசோதனைகளில் மூச்சுக்குழாயில் குழாய் இட நேர்ந்தது 11 பேருக்கு. இறந்தவர்கள் நால்வர், அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கடுமையான நோயோ குறைபாடோ உள்ளவர்கள். முகமூடி வைத்து மூச்சு கொடுக்க வேண்டியிருந்தது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவருக்கு.

எண்கள் தைரியம் தருகின்றன. ஆனால் இந்தத் தொகுப்பின் பெரும்பகுதி தாமாக முன்வந்து கணக்குக் கொடுத்த மையங்களின் வெளியிடப்படாத தரவு. கைதேர்ந்தவர்கள்தான் கணக்கைக் காட்டுவார்கள் என்ற ஐயத்தை முழுக்கத் தள்ள முடியாது. குடல் மருத்துவர் சங்கம் உறை வாசகத்தை நீக்கக் கோரி 2005இல் கொடுத்த மனுவை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஏற்கவில்லை. ஜெர்மனியிலோ பயிற்சி பெற்ற செவிலியர் ப்ரோபோஃபால் கொடுப்பது வழிகாட்டு நெறிக்கு உட்பட்ட அன்றாட நடைமுறை. அங்கே மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்டோஸ்கோபிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில் பெரிய சிக்கல்கள் பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவிலேயே இருந்தன. ஒரே மருந்து, ஒரே குழாய். அட்லாண்டிக்கின் ஒரு கரையில் சாதாரணமாக நடப்பது மறுகரையில் உறை வாசகத்துக்கு விரோதம்.

இந்தச் சண்டையில் ஒரு இயந்திரமும் பலியானது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் ‘செடாசிஸ்’ ப்ரோபோஃபாலைத் தானே அளந்து செலுத்தும் கருவி. நோயாளியின் காதில் மெல்லிய குரலில் ‘கையை அழுத்துங்கள்’ என்று சொல்லும், கையிலுள்ள பிடியை அதிர வைக்கும்; அவர் அழுத்தத் தாமதித்தால் மருந்தின் அளவு கூடாமல் பார்த்துக்கொள்ளும். மயக்க மருத்துவர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே, முதலில் மறுக்கப்பட்டு, 2013இல் அனுமதி பெற்றது. 2016இல் விற்பனை போதவில்லை என்று நிறுவனமே விலக்கிக்கொண்டது. அது மிதமான மயக்கத்துக்காக வடிவமைக்கப்பட்டது. அதற்குள் அமெரிக்க மருத்துவர்களும் நோயாளிகளும் ஆழ்ந்த தூக்கத்துக்குப் பழகியிருந்தார்கள். எதிர்ப்பைவிட இந்தப் பழக்கமே அதை வீழ்த்தியது என்று கருத இடமுண்டு.

பணம் பேசும் இடம்

அமெரிக்காவில் எண்டோஸ்கோபிக்கு மயக்க மருத்துவரை அழைப்பது 2003இல் ஏறத்தாழ 14 சதவீதமாக இருந்தது; 2009இல் 30 சதவீதத்தைத் தாண்டியது. இந்த எண்களைத் தந்த, 2012இல் வெளியான ஆய்வின்படி, மயக்க மருத்துவர் அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் இரு பங்குக்கும் மேல் ஆபத்துக் குறைந்தவர்கள். அதாவது மயக்க மருத்துவர் நிச்சயம் தேவை என்று யாரும் வாதிடாத நோயாளிகள். காப்பீடு தனிக் கட்டணம் கொடுத்தது, மையங்கள் நாளுக்குக் கூடுதல் ஆட்களைப் பார்க்க முடிந்தது, நோயாளியும் மகிழ்ந்தார். 2015 முதல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், தடுப்புப் பரிசோதனைக்கான மயக்கச் செலவில் நோயாளியின் பங்கையும் நீக்கியது. யாரும் இதில் ஏமாற்றவில்லை. எல்லாத் திசையிலிருந்தும் காற்று ஒரே பக்கம் வீசியது.

அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு கிடைத்ததா? இங்கே சான்று சங்கடமானது. 2013இல் வெளியான ஆய்வொன்று, மெடிகேர் முதியவர்களின் 1,65,527 கொலோனோஸ்கோபிகளை ஒப்பிட்டது. மயக்க மருத்துவர் இருந்தவற்றில் சிக்கல் 0.22 சதவீதம், இல்லாதவற்றில் 0.16. வித்தியாசத்தின் பெரும்பகுதி, வயிற்றில் இருப்பது மூச்சுப்பாதையில் இறங்குவதால் வந்தது. 2016இல் 31 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகளை அலசிய இன்னொரு ஆய்வு, மயக்க மருத்துவர் இருந்தால் முப்பது நாளுக்குள் சிக்கல் ஏற்படும் வாய்ப்பு 13 சதவீதம் கூடுதல் என்றது. பாலிப் அகற்றியவர்களில் குடல் துளைபடுவதும் கூடுதலாகத் தெரிந்தது. இதற்கு முன்வைக்கப்படும் விளக்கம்: தூங்கும் நோயாளி முனகமாட்டார், ஆகவே சுருக்கு விழுந்திருப்பது தெரியாமல் மருத்துவர் தள்ளிவிடக்கூடும்.

இந்த விளக்கம் நம்பத் தூண்டுவது, ஆனால் நிரூபிக்கப்படவில்லை. இவை கணக்குப் புத்தகங்களிலிருந்து பின்னோக்கிப் பார்த்த ஆய்வுகள். பலவீனமானவர்களுக்கே மயக்க மருத்துவரை அழைத்திருந்தால் எண்கள் இப்படித்தான் வரும். புள்ளியியல் சரிக்கட்டல் அதை முழுக்கத் துடைத்துவிடாது. தவிர, 13 சதவீதம் என்பது மிகச் சிறிய எண்ணின் மேல் ஏறும் 13 சதவீதம். மயக்க மருத்துவர் ஆபத்தைக் கூட்டுகிறார் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. அவர் இருந்தால் ஆரோக்கியமான ஒருவருக்குப் பாதுகாப்பு கூடும் என்று சொல்லவும் முடியாது.

விழித்திருந்து பார்த்தல்

மயக்கமே வேண்டாம் என்ற கட்சி நெடுங்காலம் வைராக்கியக்காரர்களின் கட்சியாகப் பார்க்கப்பட்டது. அதை மாற்றியவை மருந்துகள் அல்ல, எளிய உத்திகள். சாதாரணக் காற்றுக்குப் பதில் கரியமில வாயுவை ஊதினால் குடல் அதை விரைவில் உறிஞ்சி மூச்சு வழியே வெளியேற்றிவிடும். பரிசோதனைக்குப் பின்வரும் உப்புசமும் வலியும் வெகுவாகக் குறையும். காற்றே ஊதாமல் தண்ணீரை விட்டு, அழுக்கோடு உறிஞ்சியபடியே முன்னேறும் முறையைக் கலிஃபோர்னியாவில் ஃபீலிக்ஸ் லியூங் பரப்பினார். தண்ணீரின் கனத்தில் சிக்மாய்டு தணிந்து கிடக்கும், சுருக்கு குறையும். சோதனைகளில் இந்த முறை வலியைக் குறைத்ததோடு பாலிப்கள் கண்ணில் படுவதையும் கூட்டியது. நேரம் கொஞ்சம் கூடும் என்பதுதான் பல மையங்கள் தயங்கக் காரணம்.

முழு விழிப்புக்கும் ஊசிக்கும் நடுவே நிற்பவை வாயுக்கள். நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சரிபாதி கலந்த என்டோனாக்ஸை 1961இல் மைக்கேல் டன்ஸ்டால் பிரசவ வலிக்காக அறிமுகப்படுத்தினார். பிரிட்டனின் எண்டோஸ்கோபி அறைகளில் இன்று அது வழக்கமான தேர்வுகளில் ஒன்று. குழலை நோயாளியே பிடித்திருப்பார்; சுருக்கு விழும்போது நாலு மூச்சு இழுப்பார், வலி தணிந்ததும் விட்டுவிடுவார். வந்துபோகும் வலிக்கு வந்துபோகும் மருந்து என்ற பொருத்தம் வேறெதிலும் இவ்வளவு கச்சிதமாக இல்லை. 2011இன் காக்ரேன் தொகுப்பாய்வு, வலியைக் குறைப்பதில் இது ஊசி மருந்துகளுக்கு இணை, தெளிவதில் அவற்றைவிட விரைவு என்று கண்டது. அரைமணி நேரத்தில் வண்டியோட்டிப் போகலாம். ஊசி போட்டவர் 24 மணி நேரம் வண்டியைத் தொடக் கூடாது, துணைக்கு ஆளும் வேண்டும். தனியாக வாழும் முதியவருக்கும் ஒருநாள் கூலியை இழக்க முடியாதவருக்கும் இது சிறிய வித்தியாசம் அன்று. நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் வாயு என்பதால் மருத்துவமனைகள் இப்போது அதன் கசிவைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருக்கின்றன. ஆஸ்திரேலிய ஆம்புலன்ஸ்களில் பச்சைக் குழலாகப் புகழ்பெற்ற மெத்தாக்ஸிஃப்ளூரேனையும் இதே நோக்கத்துக்காக அங்கே சோதித்திருக்கிறார்கள்.

விழிப்புக் கட்சியின் பலவீனம் அதன் சான்றிலேயே இருக்கிறது. மயக்கமில்லாச் சோதனைகளுக்கு ஒப்புக்கொள்பவர்கள் இயல்பிலேயே துணிந்தவர்கள். பயந்தவர்கள் முதல் படிவத்திலேயே விலகிவிடுகிறார்கள். முன்வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் தாங்கினார்கள் என்றால், வீதியில் போகிற பத்தில் எட்டுப் பேரும் தாங்குவார்கள் என்று ஆகாது. கைதேர்ந்த மருத்துவரின் மேசைக்கும் பயிற்சி மாணவரின் மேசைக்கும் உள்ள தூரத்தையும் இந்த ஆய்வுகள் சரியாகக் காட்டுவதில்லை.

புதிதாக வந்தவை

ரெமிமசோலாம் மிடசோலாமின் உறவு. உடலின் எஸ்டரேஸ் நொதிகள் அதைச் சடுதியில் உடைத்துவிடுவதால் விரைவில் தெளியும். ஃப்ளூமசெனில் அதையும் முறிக்கும். அமெரிக்கா 2020இல் அனுமதித்தது. கொலோனோஸ்கோபியில் நடந்த பெரிய சோதனையில் 91.3 சதவீதம் பேருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மிடசோலாம் கொடுத்தவர்களில் 25.2 சதவீதம் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஆனால் மிடசோலாம் குழுவில் எது தரப்படுகிறது என்பது மறைக்கப்படவில்லை, அளவும் கட்டுப்பாடாகவே இருந்தது. ஆகவே இந்த இடைவெளியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டெக்ஸ்மெடிடோமிடின் மூச்சை அமுக்காது என்ற நல்ல பெயரோடு வந்தது. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கி, தெளிய நேரமும் எடுப்பதால் இந்தப் பரிசோதனைக்கு அது சுமாரான பொருத்தமே.

உடல் எடை குறைக்கவும் சர்க்கரைக்கும் போடப்படும் செமாக்ளூடைடு வகை ஊசிகள் புதிதாக ஒரு சிக்கலைச் சேர்த்திருக்கின்றன. அவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பட்டினி கிடந்தவரின் வயிற்றிலும் உணவு மிச்சமிருக்கக்கூடும். ஆழ்ந்த மயக்கத்தில் அது மூச்சுப்பாதைக்குள் இறங்கலாம் என்ற அச்சத்தில் அமெரிக்க மயக்கவியல் சங்கம் 2023இல் வழிகாட்டல் வெளியிட்டது, பிறகு பிற சங்கங்களோடு சேர்ந்து அதைத் தளர்த்தியது. விழித்திருப்பவருக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை.

இந்தியாவில்

நம் நாட்டில் கொலோனோஸ்கோபி பெரும்பாலும் ரத்தப்போக்கு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, குடல் அழற்சி போன்ற அறிகுறிகளுக்காகவே செய்யப்படுகிறது. அரசின் தொற்றா நோய்த் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைத் தேடுகிறது. பெருங்குடல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ‘மீண்டும் வருவாரா’ என்ற கேள்வி இங்கே குறைந்த எடையோடும், ‘எவ்வளவு செலவு’ என்ற கேள்வி அதிக எடையோடும் நிற்கிறது. பெரிய தனியார் மருத்துவமனைகளில் மயக்க மருத்துவரோடு ப்ரோபோஃபால் சாதாரணமாகிவிட்டது. கூட்டம் நெரியும் இடங்களில் ஒரு மிடசோலாம் ஊசியோடோ ஒன்றுமே இல்லாமலோ வேலை நடக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் ஓபியாய்டுகளைக் கையாளுவதை நீண்டகாலம் கடினமாக்கி வைத்ததும் இதில் சேரும். 2014இன் திருத்தம் அதைத் தளர்த்தியது. நார்வேக்காரர் விழித்திருப்பதற்கும் நம் அரசு மருத்துவமனை நோயாளி விழித்திருப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னவர் கேட்டால் உடனே மருந்து வரும்.

இன்னும் தீராதவை

உடல்நலம் நன்றாக உள்ள ஒருவருக்கு, முறையான கண்காணிப்போடு செய்தால், மேலே பார்த்த எல்லா வழிகளும் மிகப் பாதுகாப்பானவை என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். தூக்கத்தில் மூச்சு அடைபடுபவர், மிகப் பருமனானவர், இதய நுரையீரல் நோய் முற்றியவர் ஆகியோருக்கு மயக்க மருத்துவர் தேவை என்பதிலும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆழ்ந்த மயக்கத்தால் கூடுதல் பாலிப்கள் கண்டறியப்படுகின்றன என்ற வாதத்துக்குச் சீரான ஆதாரம் கிடைக்கவில்லை. நாடுகளுக்கிடையே உள்ள பெரிய வேறுபாட்டை விளக்குவதில், மருந்துகளின் குணத்தைவிட யார் கட்டணம் தருகிறார்கள், யாருக்குச் செலுத்தும் உரிமை, எதற்குப் பழகியிருக்கிறார்கள் என்பவையே முன் நிற்பதாகத் தோன்றுகிறது.

தூங்கும் நோயாளியிடம் குழாய் கடினமாகத் தள்ளப்படுகிறதா என்பது தீரவில்லை. அதைத் தீர்க்கும் அளவுக்குப் பெரிய, குலுக்கல் முறைச் சோதனை வேண்டும். துளைபடுவது மிக அரிது என்பதால் அதற்குப் பல்லாயிரம் பேர் தேவைப்படுவார்கள். கரியமில வாயு, தண்ணீர், தேர்ந்த கை ஆகிய மூன்றும் ஒருசேர இருந்தால் மயக்கம் எத்தனை பேருக்கு உண்மையில் தேவைப்படும் என்பதும், முன்வந்தவர்களை மட்டும் பார்க்காத ஆய்வுகள் வரும்வரை ஊகமே.

வலியை அளப்பதிலும் உடன்பாடு இல்லை. பிரிட்டனில் செவிலியர் பரிசோதனையின்போது நோயாளியின் முகத்தையும் முனகலையும் பார்த்துச் சௌகரிய மதிப்பெண் போடுகிறார். நார்வேயின் காஸ்ட்ரோநெட் பதிவேடு, நோயாளி வீட்டுக்குப் போன பிறகு நிரப்பி அனுப்பும் படிவத்தை நம்புகிறது. ஒன்று மேசையில் படுத்திருந்தவரின் கணக்கு, மற்றது நினைவு வைத்திருப்பவரின் கணக்கு. மிடசோலாம் கொடுத்த இடங்களில் இந்த இரண்டும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை, ஒரே நோயாளியிடம் இரண்டையும் பெரிய அளவில் தொடர்ந்து எடுத்தால்தான் தெரிந்துகொள்ள முடியும்.